ஜெனிசிஸை விட்டு வந்த குரல்: பீட்டர் கேப்ரியல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1986 ஜூலை 19 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனிசிஸின் 'இன்விசிபிள் டச்' பாட்டுக்கு. அமெரிக்காவில் அந்தக் குழு முதலிடம் பிடித்தது அந்த ஒரே முறைதான். அடுத்த வாரமே அதை இறக்கிவிட்டு மேலே ஏறியது 'ஸ்லெட்ஜ்ஹேமர்'. பாடியவர் பீட்டர் கேப்ரியல். 1975 வரை ஜெனிசிஸின் முதன்மைப் பாடகராக இருந்து, குழு கடனில் தத்தளித்த நேரத்தில் விலகிப் போனவர்.

பாடகர் குழுவை விட்டுப் பிரிவது ராக் உலகில் சாதாரணமாக நடப்பதுதான். பாடகர் போனதும் குழு படுத்துவிடும். இல்லையென்றால், தனியே போனவர் இரண்டு மூன்று ஆல்பங்களுக்குப் பிறகு பழைய குழுவின் பாட்டுகளையே பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார். கேப்ரியல் விஷயத்தில் இரண்டுமே நடக்கவில்லை. குழு அவர் இருந்த காலத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வளர்ந்தது. அவரும் குழுவின் நிழல் படாத ஒரு இசையைக் கண்டடைந்தார். இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரிந்து வந்ததால் மட்டும் கேப்ரியலுக்குத் தன் குரல் கிடைத்துவிடவில்லை. வெளியே வந்த பிறகும் சில ஆண்டுகள் அவர் தடுமாறினார். கைவசம் இருந்த ஏதோ ஒன்றைத் தானே விலக்கி வைத்தபோதெல்லாம் அவர் இசை ஒரு படி மேலே போனது. எதையும் விலக்க மனம் வராதபோது தேங்கியது. ஐம்பது ஆண்டுக்கும் மேலான பதிவுகளைத் திரும்பக் கேட்கும்போது இந்த ஒரு இழை எங்கும் அறுபடாமல் ஓடுவது தெரிகிறது.

பள்ளியில் பிறந்த குழு

1950 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தார் கேப்ரியல். அப்பா ரால்ஃப் மின்பொறியாளர். அம்மா பியானோ வாசிப்பவர். பிற்காலத்தில் புதிய மின்னணுக் கருவி எது வந்தாலும் முதல் ஆளாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் கேப்ரியலுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

கொடால்மிங் ஊரிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பழைமையான, வசதி படைத்தவர்களின் விடுதிப் பள்ளி. அங்கே இரண்டு மாணவர் குழுக்கள் இருந்தன. ஒன்றில் கேப்ரியலும் டோனி பேங்க்ஸும். மற்றொன்றில் மைக் ரதர்ஃபோர்டும் ஆன்டனி ஃபிலிப்ஸும். 1967இல் இரண்டும் ஒன்றாகின. அதே பள்ளியின் பழைய மாணவரான இசைத் தயாரிப்பாளர் ஜொனாதன் கிங் அவர்களுக்கு ஜெனிசிஸ் என்று பெயர் வைத்தார். 1969இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பில் பைபிள் வாடை அடித்ததால், சில கடைகளில் அதைப் பக்திப் பாடல் வரிசையில் அடுக்கி வைத்தார்கள். விற்கவே இல்லை.

இங்கே குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேப்ரியலின் குரலில் இரண்டு ஊற்றுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பள்ளித் தேவாலயத்தில் நூற்றுக்கணக்கான பையன்கள் சேர்ந்து பாடிய துதிப்பாடல்கள். மற்றொன்று, 1966இல் லண்டன் பிரிக்ஸ்டனில் அவர் நேரில் கேட்ட அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். மேல் ஸ்தாயியில் சற்றே கரகரத்து, உடைந்துவிடுமோ என்று பயமுறுத்தி, உடையாமல் நிற்கும் அந்தக் குரலில் இரண்டையும் கேட்கலாம். ஆனால் ஜெனிசிஸில் சோல் இசைக்கு இடமே இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டுகள், பன்னிரண்டு தந்திக் கிதார்கள், அடுக்கடுக்கான கீபோர்டு: புரோக்ரெசிவ் ராக் என்று பேர் பெற்ற பாணி அது.

1970 ஆகஸ்டில் டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸ் வந்தார். கொஞ்ச நாளில், மேடைப் பயத்தால் விலகியிருந்த ஃபிலிப்ஸின் இடத்தில் கிதாருக்கு ஸ்டீவ் ஹேக்கெட். இந்த ஐவர் அணிதான் இன்றைக்கும் ரசிகர்கள் உருகிப் பேசும் ஜெனிசிஸ்.

முகமூடிகள்

பன்னிரண்டு தந்திக் கிதாரைச் சுருதி சேர்க்க நேரமாகும். மற்றவர்கள் உட்கார்ந்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்க, பாடகர் மட்டும் சும்மா நிற்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப கேப்ரியல் கதை சொல்ல ஆரம்பித்தார். விசித்திரமான, பாதி பயங்கரமான குட்டிக் கதைகள். அன்றைய ஒலிபெருக்கிகளில் பாட்டு வரிகள் தெளிவாகக் கேட்காததும் அவருக்குக் குறையாக இருந்தது. காதுக்குப் போய்ச் சேராததைக் கண்ணுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார்.

1972 செப்டம்பரில் டப்ளின் நகரில், மனைவி ஜில்லின் சிவப்பு உடையை அணிந்து, தலையில் நரி முகத்தை மாட்டிக்கொண்டு பாட்டுக்கு நடுவே மேடையில் தோன்றினார். குழுவினருக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. கூட்டம் திகைத்தது. அடுத்து 'மெலடி மேக்கர்' இதழின் அட்டையில் அந்த நரி முகம் வந்தது. குழு கேட்கும் தொகையும் கூடியது. பிறகு வௌவால் சிறகு, பூ முகம், கிழவன் முகமூடி என்று வரிசை நீண்டது.

இந்த வேடங்களைக் கேலியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயல்பில் கூச்சம் மிகுந்த ஒரு இளைஞன் மேடையில் இன்னொரு ஆளாக மாறுவதற்குக் கண்டுபிடித்த வழி அது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இசையை ஐந்து பேரும் சேர்ந்து எழுதினார்கள். பத்திரிகைகளின் பார்வையில் எல்லாமே கேப்ரியலின் கற்பனை ஆகிவிட்டது. குறிப்பாக டோனி பேங்க்ஸுக்கு இது நியாயமில்லாமல் பட்டிருக்கும். குழுவின் இசை முதுகெலும்பு அவர்தான்.

பிரிவு

1974இல் 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்ற இரட்டை ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள். நியூயார்க் தெருக்களில் திரியும் ரயேல் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞனின் கதை. ஏறக்குறைய எல்லா வரிகளையும் நானே எழுதுவேன் என்று கேப்ரியல் நின்றார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் நால்வர் ஒரு அறையில் இசை அமைக்க, கேப்ரியல் வேறொரு அறையில் தனியே வரிகளோடு மல்லுக்கட்டினார்.

அதே நேரத்தில், திகில் படத்தால் உலகப் புகழ் பெற்றிருந்த ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் ஃபிரெட்கின் அவரைத் தன்னோடு வேலை செய்ய அழைத்தார். கேப்ரியல் கொஞ்சநாள் விலகி, பிறகு திரும்பினார். அந்த ஜூலையில் முதல் மகள் பிறந்தாள். பிரசவம் சிக்கலாகி, குழந்தை பிழைக்குமா என்ற நிலை. லண்டன் மருத்துவமனைக்கும் வேல்ஸில் நடந்த ஒலிப்பதிவுக்கும் இடையே அவர் அலைந்துகொண்டிருந்தார். இருபது வயதுகளில் இருந்த மற்றவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியவில்லை. ஆல்பம் தாமதமாகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. அன்று நாங்கள் இன்னும் ஆதரவாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள்.

ஆய்வாளர்கள் பலர் இந்தப் பிரிவுக்குக் கலை வேறுபாட்டைக் காரணமாகச் சொல்கிறார்கள். வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் அது அதற்கு முன்பும் இருந்தது. 1974இல் புதிதாக வந்து சேர்ந்தது தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தையின் உயிர். சுற்றுப்பயணம், ஒப்பந்தம், அடுத்த ஆல்பம் என்ற சக்கரத்தில் ஒரு தகப்பனுக்கு இடமில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என் கணிப்பில் முதன்மைக் காரணம் இதுதான்.

1974 நவம்பரில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கிய சூட்டோடு, கிளீவ்லாந்து நகரில் குழுவினரிடம் முடிவைச் சொன்னார். கடன் இருந்ததால் உடனே கிளம்பவில்லை. 1975 மே வரை ஒவ்வொரு மேடையிலும் ஏறி, அந்த இரட்டை ஆல்பத்தை முழுவதுமாகப் பாடிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆகஸ்டில் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாட்டு எழுதுவதற்காக நாங்கள் கூடிக் கட்டிய அமைப்பே கடைசியில் எங்களுக்கு எசமானாகிவிட்டது, நாங்கள் விரும்பிய வெற்றிக்குள்ளேயே அடைபட்டுவிட்டோம் என்பது அதன் சாரம். யார் மீதும் பழி இல்லை. நான் இல்லாமலும் அவர்கள் நன்றாகச் செய்வார்கள் என்ற பொருளும் அதில் இருந்தது.

அப்படியேதான் நடந்தது. புதுப் பாடகரைத் தேடி ஏராளமானவர்களைப் பாடவைத்துப் பார்த்தார்கள். வந்தவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டிரம்மர் காலின்ஸே கடைசியில் பாடகரானார். 1976 பிப்ரவரியில் வந்த அடுத்த ஆல்பம், கேப்ரியல் காலத்து ஆல்பங்களைவிட நன்றாக விற்றது.

இரண்டு தடுமாற்றங்கள்

கேப்ரியல் பாத் நகரத்துக்கு அருகே குடும்பத்தோடு ஒதுங்கினார். காய்கறி வளர்த்தார், பியானோ கற்றார், பிள்ளைகளோடு இருந்தார். அங்கே ஊருக்கு மேலே நிற்கும் சிறு குன்றின் பெயர்தான் 1977இல் வந்த முதல் தனிப் பாட்டுக்கு: 'சோல்ஸ்பரி ஹில்'. கையில் இருப்பதை இழக்கத் துணிந்தால்தான் அடுத்தது வரும் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் பாட்டு. ராக் பாட்டுகளில் மிக அரிதான ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது உறுத்தாது. கூடவே ஒரு அடி முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் அவசரமும் இருக்கும். பல்லவி முடியும் இடத்தில் மட்டும் நாலு எண்ணிக்கைக்கு வந்து காலூன்றும். வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்ற வரி வருவது சரியாக அந்த இடத்தில்தான். பிரிட்டனில் 13ஆம் இடம் வரை போனது.

அந்த ஒரு பாட்டைத் தவிர முதல் ஆல்பம் எனக்குத் திருப்தி தருவதில்லை. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் பிரம்மாண்டத்துக்குப் பேர் போனவர். ஆர்கெஸ்ட்ரா, கோரஸ், கனத்த கிதார் என்று எல்லாமே உண்டு. 'ஹியர் கம்ஸ் தி ஃபிளட்' என்ற அற்புதமான பாட்டு அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. கேப்ரியலுக்கே அது உறுத்தியிருக்கிறது. 1979இல் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் தனி ஆல்பத்தில் அதே பாட்டை ஏறக்குறைய பியானோவும் குரலுமாக மறுபடி பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த ஆய்வின் வாதத்துக்கு வேறு சான்று தேவைப்படாது. 1978இல் அதே ஃபிரிப் தயாரித்த இரண்டாவது ஆல்பம் மறுகோடிக்குப் போய் வறண்டு நின்றது.

முதல் நான்கு தனி ஆல்பங்களுக்கும் தலைப்பு ஒன்றே: 'பீட்டர் கேப்ரியல்'. ஒரே பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள்போல வரட்டும் என்பது எண்ணம். ரசிகர்கள் அட்டைப்படத்தை வைத்துக் 'கார்', 'ஸ்கிராட்ச்', 'மெல்ட்' என்று அடையாளப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

சிம்பல் இல்லாத ஆல்பம்

1980இல் வந்த மூன்றாவது ஆல்பம்தான் இந்த நிகழ்வின் மையம். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவாளர் ஹ்யூ பேட்கம். இருவரும் இளைஞர்கள். கேப்ரியல் ஒரே ஒரு விதி போட்டார்: டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டு கூடாது.

ராக் இசையில் சிம்பல் எந்நேரமும் ஒலித்துக்கொண்டே இருக்கும். தாளத்தின் ஓட்டத்தை அதுதான் தாங்கும். அதோடு ஒலிப்பரப்பின் மேல்தளம் முழுவதையும் அதன் இரைச்சல் நிரப்பிவிடும். அதை எடுத்துவிட்டால் மேல்தளம் காலியாகிறது. டிரம்மரின் கை பழக்கத்தில் போகும் இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். காலியான இடத்துக்கு மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தின் ஒலி வருகிறது, கண்ணாடி உடையும் சத்தம் வருகிறது, பாடுபவரின் மூச்சே ஒரு வாத்தியமாகக் கேட்கிறது. தடை விதித்தால்தான் கலைஞனின் மூளை வேலை செய்யும் என்பது கேப்ரியல் பலமுறை சொன்ன கருத்து. இந்த ஆல்பத்தில் அது கண்கூடு.

அந்த ஆல்பத்தின் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தவர் பழைய தோழர் ஃபில் காலின்ஸ். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக் உண்டு. யார் எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதால், மெல்லிய ஒலியைத் தூக்கிக் கனத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரசர் அதில் பலமாக இணைக்கப்பட்டிருந்தது. காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருக்க, மலை சரிந்ததுபோல ஒரு டிரம் ஒலி கேட்டது. பதிவு செய்வதற்கான பாதையே அந்த மைக்குக்கு இல்லை. ஒலிக்கலவை மேசையின் இணைப்பை மாற்றிப் பதிவு செய்தார்கள். அதோடு நாய்ஸ் கேட் என்ற கருவியைச் சேர்த்தார்கள். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அதைச் சட்டென்று அறுத்துவிடும் கருவி அது. பெரிய மண்டபத்தில் அடித்ததுபோல எழுந்து, எதிரொலி தேயும் முன்பே கத்தியால் வெட்டியதுபோல நின்றுபோகும் டிரம்ஸ் பிறந்தது.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சிம்பல் இருந்திருந்தால் இந்த வித்தை எடுபட்டிருக்காது. சிம்பலின் நீண்ட ரீங்காரம் கம்ப்ரசரில் ஊதிப் பெருத்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். நாய்ஸ் கேட் கருவியும் மூட முடியாமல் திறந்தே கிடந்திருக்கும். விதிதான் விபத்துக்கு இடம் கொடுத்தது. காலின்ஸ் வாசித்த அந்தத் தாளத்தை நிறுத்தாமல் அடிக்கச் சொல்லி, அதன் மேல் கேப்ரியல் எழுப்பிய பாட்டுதான் ஆல்பத்தின் முதல் பாட்டான 'இன்ட்ரூடர்'. சில மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில், அதே ஒலியைக் கொண்டு காலின்ஸ் தன் முதல் தனிப் பாட்டான 'இன் தி ஏர் டுநைட்' மூலம் உலகப் புகழ் பெற்றார். எண்பதுகள் முழுக்க ராக், பாப் ஆல்பங்களில் கேட்ட டிரம்ஸ் இங்கிருந்து கிளம்பியதுதான்.

அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் இந்த ஆல்பத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. மெர்குரி நிறுவனம் எடுத்து வெளியிட்டது. பிரிட்டனில் முதலிடம். பாடகி கேட் புஷ் பின்குரல் கொடுத்த 'கேம்ஸ் வித்தவுட் ஃபிரன்டியர்ஸ்' அங்கே நான்காம் இடம் வரை ஏறியது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'பிக்கோ'. தென்னாப்பிரிக்கக் கறுப்பின உணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ, 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் இறந்தார். பாட்டு அவருடைய இறுதிச் சடங்கில் பாடப்பட்டவற்றின் ஒலிப்பதிவோடு தொடங்கி, அப்படியே முடிகிறது. நடுவே ஒரே தாளம், மாறாமல். இங்கேதான் கேப்ரியல் முதன்முறையாக எந்த முகமூடியும் இல்லாமல், கதாபாத்திரம் எதுவும் இல்லாமல் பாடுகிறார். ஜெனிசிஸில் இந்தப் பாட்டு பிறந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், முடியாது. இருபது நிமிடக் கற்பனைக் கதைக்குப் பழகிய குழுவுக்கு இவ்வளவு குறைவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது கடினம். தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்குத் தடை. அமெரிக்காவில் கிதார் கலைஞர் ஸ்டீவன் வான் சான்ட் நிறவெறிக்கு எதிராக 1985இல் கலைஞர்களைத் திரட்டுவதற்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் இந்தப் பாட்டும் ஒன்று. மேடையில் இதைக் கடைசியாகப் பாடிவிட்டு, ஒவ்வொரு கலைஞராக இறங்கிப் போக, டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கும்படி முடிப்பது அவர் வழக்கம்.

கடனும் பழைய நண்பர்களும்

பல நாட்டு இசையைக் கேட்கத் தொடங்கிய கேப்ரியல், 1982 ஜூலையில் ஷெப்டன் மாலட் ஊரில் வொமாட் என்ற விழாவை நண்பர்களோடு சேர்ந்து நடத்தினார். புருண்டி நாட்டு முரசுக் கலைஞர்களும் பிரிட்டிஷ் ராக் குழுக்களும் ஒரே விழாவில். அப்போது ரயில் வேலைநிறுத்தம் வேறு. கூட்டம் போதவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. கடன்காரர்கள் கேப்ரியல் ஒருவரையே தேடி வந்தார்கள், மிரட்டல்களும் வந்தன.

கைகொடுத்தது ஜெனிசிஸ். 1982 அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் திறந்தவெளி அரங்கில், கொட்டும் மழையில், ஐவரும் ஒரே ஒரு இரவுக்குச் சேர்ந்தார்கள். ஹேக்கெட் மட்டும் கடைசிப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்துகொண்டார். கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். வந்த பணத்தில் வொமாட் பிழைத்தது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. விட்டுப்போனவனுக்காக விட்டுப்போகப்பட்டவர்கள் மழையில் நின்று வாசித்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அந்த ஐவரும் அதற்குப் பிறகு ஒரு முழுக் கச்சேரிக்குச் சேரவே இல்லை.

முகம் தெரிந்த ஆல்பம்

1986 மே மாதம் வந்தது 'ஸோ'. தயாரிப்பில் டேனியல் லனுவா துணை நின்றார். இம்முறை கேப்ரியல் விலக்கியது மறைவை. அட்டையில் சிதைக்காத, தெளிவான தன் முகம். ஆல்பத்துக்கு ஒரு தலைப்பு. இருபது வருடமாக உள்ளே கிடந்த ஓட்டிஸ் ரெடிங் மீதான காதல் வெளிப்படையாக. 'ஸ்லெட்ஜ்ஹேமர்' பாட்டில் ஊதியது ரெடிங்கோடு வாசித்த டிரம்பெட் கலைஞர் வேய்ன் ஜாக்சன்.

அதன் வீடியோவில் களிமண்ணும் பழமும் கோழியும் முகத்தைச் சுற்றி ஆடும். ஒவ்வொரு சட்டமாக எடுத்த அசைவூட்டம். கேப்ரியல் மணிக்கணக்காகக் கண்ணாடித் தகட்டின் கீழ் அசையாமல் படுத்திருந்தார். 1987இல் எம்டிவி வீடியோ விருதுகளில் ஒன்பதை ஒரே பாட்டு அள்ளியது. அமெரிக்காவில் மட்டும் 'ஸோ' ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வேலையில்லாமல் ஒடிந்துபோன ஒரு மனிதனுக்குக் கேட் புஷ் ஆறுதல் சொல்லும் 'டோன்ட் கிவ் அப்', செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்டூர் தன் மொழியில் எழுந்து பாடும் 'இன் யுவர் ஐஸ்' ஆகிய இரண்டும் இதில்தான்.

சங்கரின் வயலின்

பெருவெற்றிக்குப் பிறகு எல்லோரும் எதிர்பார்த்தது 'ஸோ' இரண்டாம் பாகம். கேப்ரியல் செய்தது வேறு. மார்ட்டின் ஸ்கார்சேஸி இயேசுவைப் பற்றி எடுத்த படத்துக்கு இசையமைத்து, அதை விரித்து 1989இல் 'பேஷன்' என்ற ஆல்பமாக்கினார். இம்முறை விலக்கி வைத்தது தன் பாட்டு வரிகளையே. முன்னால் நிற்பவை மற்றவர்களின் குரல்களும் வாத்தியங்களும்: பாகிஸ்தானிய கவ்வாலி பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான், யூசு என்டூர், டூடுக் என்ற ஆர்மீனியக் குழல், எகிப்தியத் தாள வாத்தியங்கள், எல். சங்கரின் இரட்டை வயலின்.

சங்கர் நம்மவர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணன் அங்கே வயலின் ஆசிரியர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம். ஜான் மெக்லாக்லின், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தவர். 'பேஷன்' தலைப்பு இசையில் நுஸ்ரத்தின் குரலுக்கு அடியில் சங்கரின் கமகம் இழையும் இடத்தைக் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். 1993-94 சுற்றுப்பயணத்திலும் சங்கர் கேப்ரியலோடு மேடையேறினார். இத்தாலியின் மொதேனாவில் படமாக்கிய நிகழ்ச்சியில் அவரைப் பார்க்கலாம்.

மேலைக் கலைஞர்கள் மற்ற நாட்டு இசையை எடுத்துத் தங்கள் பெயரில் விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது. அது அர்த்தமற்ற குற்றச்சாட்டு அல்ல. கேப்ரியல் அதற்குக் கொடுத்த பதிலை மதிக்கிறேன். 'பேஷன்' வெளியான அதே ஆண்டில், தன்னைத் தூண்டிய அசல் பாரம்பரிய இசைகளைத் தொகுத்துத் தனி ஆல்பமாக வெளியிட்டார். வில்ட்ஷரில் பாக்ஸ் கிராமத்துப் பழைய ஆலையில் அமைத்த ரியல் வேர்ல்டு ஸ்டுடியோவும், அதே பெயரிலான நிறுவனமும், நுஸ்ரத்தை நுஸ்ரத்தாகவே உலகுக்குக் கொண்டுபோயின. 1988இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் சுற்றுப்பயணத்தில் டெல்லி உள்ளிட்ட பல நகரங்களுக்குக் கையில் சிறு வீடியோ கேமராவோடு போனவர், 1992இல் விட்னஸ் என்ற அமைப்பைத் தொடங்க உதவினார். மனித உரிமைக்காகப் போராடுபவர்கள் கையில் கேமராவைக் கொடுப்பது அதன் வேலை.

நீளும் இடைவெளிகள்

1992இல் வந்த 'அஸ்' மணமுறிவின் ஆல்பம். அவருடைய மிக நேர்மையான எழுத்து அதில்தான் இருக்கிறது. அடுத்த முழு ஆல்பம் 'அப்' 2002இல். அதற்கடுத்து சொந்தப் பாட்டுகளோடு வந்தது 2023இல், 'ஐ/ஓ'. இடைவெளி பத்து ஆண்டு, பிறகு 21 ஆண்டு. சொந்தமாக ஸ்டுடியோ உள்ளவனுக்கு வேலையை முடித்துக்கொடு என்று கதவைத் தட்ட ஆளில்லை. ஜெனிசிஸில் நான்கு பேர் இருந்தார்கள். 'ஸோ' காலத்தில் லனுவா இருந்தார். குழுவை விட்டு வந்ததில் கேப்ரியல் கொடுத்த உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன்.

நடுவே 2010இல் மற்றவர்களின் பாட்டுகளை ஆர்கெஸ்ட்ராவோடு பாடி ஒரு ஆல்பம் போட்டார். டிரம்ஸ், கிதார் கூடாது என்ற விதியோடு. பழைய வைத்தியம் மறுபடி பலித்தது. மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பாடும் புதிய குரல் அதில் கேட்கிறது.

2009 ஆஸ்கரும் இந்தக் கணக்கில் சேரும். 'வால்-ஈ' படத்துக்கு அவர் பாடிய 'டவுன் டு எர்த்' பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. மேடையில் மூன்று பாட்டுகளையும் தொகுத்துக் கோர்க்கப் போகிறோம், உங்கள் பாட்டுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் என்றார்கள். அப்படிப் பாட மாட்டேன் என்று கேப்ரியல் விலகிவிட, ஜான் லெஜண்ட் சொவெட்டோ காஸ்பல் பாடகர் குழுவோடு அதைப் பாடினார். மற்ற இரண்டு பாட்டுகளும் நம் ஏ.ஆர். ரஹ்மானுடையவை, விருது 'ஜெய் ஹோ'வுக்குப் போனது. சிம்பல் வேண்டாம் என்ற 1980ஆம் ஆண்டு மனிதர்தான் ஒரு நிமிடத் துண்டும் வேண்டாம் என்றார்.

ஜெனிசிஸோடு சேர்வது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்கியது. 2007இல் பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, காலின்ஸ் மூவரும் அவர் இல்லாமலே சுற்றுப்பயணம் போனார்கள். 2010இல் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் பெற்றபோதும் அவர் வரவில்லை. 2014இல் தனிக் கலைஞராக அதே கௌரவம் அவருக்கும் கிடைத்தது. 2022 மார்ச் 26 அன்று லண்டனில் ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரி நடந்தபோது, கேப்ரியல் பார்வையாளர்களோடு இருந்தார்.

'ஐ/ஓ' ஆல்பத்தின் பாட்டுகளை 2023 முழுவதும் பௌர்ணமிக்கு ஒன்றாக வெளியிட்டார். டிசம்பர் 1 அன்று முழு ஆல்பம் வந்தது, பிரிட்டனில் முதலிடம். ஒவ்வொரு பாட்டையும் பிரைட் சைட், டார்க் சைட் என்று இரண்டு வெவ்வேறு மிக்ஸிங் கலைஞர்களிடம் கொடுத்து இரண்டையும் வெளியிட்டார். சுற்றொலிக்கு மூன்றாவதும் உண்டு. இது ரசிகருக்குக் கிடைத்த விருந்து என்று பலரும் பாராட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது ஆண்டாக ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்கியதால் வளர்ந்த கலைஞர், தேர்வை இந்த முறை கேட்பவரிடம் தள்ளிவிட்டார். டார்க் சைட் வடிவத்தை மட்டும் வெளியிட்டிருந்தால், 73 வயதில் அவர் பாடிய 'பிளேயிங் ஃபார் டைம்' போன்ற பாட்டுகள் மூன்றாவது ஆல்பத்துக்கு அருகில் வைக்கத்தக்கவையாக நின்றிருக்கும்.